கப்பல் ஏறாத கொசுறு

1. பிடிபட்ட சரக்கு

"சார், உங்க புளிய கஸ்டம்ஸ்ல நிறுத்தி வெச்சுட்டாங்க."

மெட்ராஸிலிருந்து கிளியரிங் ஏஜென்ட் டிரங்க் காலில் சொன்னதை நான் சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டேன். அலுவலகமே என்னைப் பார்த்தது. தங்கம் பிடிபடும், கைக்கடிகாரம் பிடிபடும். புளி பிடிபட்டு அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை.

எண்பதுகளின் நடுவில் தர்மபுரியில் எனக்கு வேலை, சிறு வியாபாரிகளை வெளிநாட்டுச் சந்தைக்கு அழைத்துப் போவது. அழைத்துப் போகிறவன் அதுவரை துறைமுகத்துக்குள் கால் வைத்ததில்லை. ஏற்றுமதி பற்றித் தடிதடியாக ஏழெட்டுப் புத்தகங்கள் படித்திருந்தேன். தபாலில் நீச்சல் கற்றவனின் தைரியம் என்னிடம் நிறைய இருந்தது.

என்னை நம்பிய முதல் மனிதர் காரிமங்கலம் புளி வியாபாரி கரீம் பாய். லண்டனில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவரிடமிருந்து இருநூறு மூட்டைக்கு ஆர்டர் வாங்கிக் கொடுத்தேன். மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ. அந்தப் பருவத்து நல்ல புளி முழுவதையும் பாய் இதற்கே ஒதுக்கி, சேலத்து வியாபாரிகளை வெறுங்கையோடு அனுப்பிவிட்டார். எல்.சி. வந்திருந்தது. குறித்த தேதிக்குள் சரக்கு கப்பல் ஏறினால் பணம் தருகிறோம் என்று அந்த ஊர் வங்கி தரும் உறுதி அது. தேதி தவறினால் காகிதம்தான். புளியோ மெட்ராஸ் கடற்காற்றில் நாலு நாள் கிடந்தால் கறுத்துப் போகும். கறுத்ததை யாரும் கேட்க மாட்டார்கள்.

2. என் சொற்பொழிவு

பேக்கிங் தொடங்குவதற்கு முன் பாயின் மண்டிக்குப் போய், நெட் வெயிட் என்றால் சரக்கு மட்டும், கிராஸ் வெயிட் என்றால் கோணியும் சேர்த்து என்று ஒரு மணி நேரம் பேசியிருந்தேன். "ஒரு கிராம் குறைஞ்சாலும் நாட்டு மானமே போயிடும்" என்று முடித்ததாக நினைவு. கொட்டை எடுத்துக்கொண்டே கேட்ட பெண்களில் மூத்தவர் சின்னபாப்பா. எடை போடுவதும் மூட்டை கட்டுவதும் அவர் பொறுப்பு.

"கொறையக் கூடாது, அவ்ளோதானுங்களே சார்?" என்றார்.

"அவ்வளவுதாம்மா" என்றேன். கூடவும் கூடாது என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கூடினால் யார் புகார் சொல்லப் போகிறார்கள்?

கஸ்டம்ஸ் சொன்னது. பாயின் மண்டியில் ஒரு வழக்கம். தராசு நேராக நின்ற பிறகு, மூட்டையைத் தைக்கும் முன் இரண்டு கையாலும் ஓர் அள்ளு புளி அள்ளி மேலே போடுவார்கள். கொசுறு. அது விழாத மூட்டைக்கு ஊசி எடுக்க மாட்டார்கள். சந்தையில் இது தெரியாதவர் கிடையாது. ஏற்றுமதி அதிகாரியான என்னைத் தவிர.

3. வெச்ச கை

மறுநாள் காலை துறைமுக ஷெட்டில் நின்றோம். நான், பாய், சின்னபாப்பா. "மூட்டை கட்னது அந்தம்மா, பதில் சொல்லணும்னா அவங்கதான் சொல்லணும்" என்று பாய்தான் அவரை அழைத்து வந்திருந்தார்.

கஸ்டம்ஸ் அதிகாரி கண்டிப்பானவர். அவர் செய்ததில் தவறும் இல்லை. "ஆறு மூட்டை பிரிச்சேன். ஆறுலயும் நானூறு கிராம் கூட. முன்னப்பின்ன இருந்தா கைத்தப்புன்னு விட்டிருப்பேன். அத்தனையிலும் அதே நானூறுன்னா என்ன அர்த்தம்? சரக்கைக் குறைச்சுக் காட்டி, மிச்சப் பணத்த லண்டன்லயே வெச்சுக்கறீங்கன்னு அர்த்தம்."

"கொசுறுங்க அது" என்றார் பாய்.

"இன்வாய்ஸ்ல கொசுறு எங்க இருக்கு?"

கப்பலுக்குச் சரக்கு எடுப்பது மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அடுத்த கப்பல் எல்.சி. தேதிக்குப் பிறகு. காகிதங்களைத் திருத்த நாலு நாளாகும். மாலைக்குள் ஒவ்வொரு மூட்டையும் இருபத்தைந்து கிலோவாக இருந்தால் விடுகிறேன் என்றார் அதிகாரி. ஷெட்டில் இருந்தது ஒரே தராசு. ஒவ்வொன்றாக ஏற்றி, குறைத்து, இறக்கினால் மறுநாள் மதியமாகும் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்தக் காலை என் பங்களிப்பு அது ஒன்றுதான்.

"தராசு எதுக்குங்க?" என்றார் சின்னபாப்பா. "வெச்ச கைக்கு எடுக்கத் தெரியாதா?"

பாய்க்கு வேறு கவலை. "குடுத்தத திரும்ப எடுக்கறதா? எங்கப்பாரு காலத்துலேர்ந்து கெடையாது. எனக்கு ஆவாது அது."

"நீங்க வூட்டுக்கு எடுத்துக்கினு போனாதான பாய் ஆவாது? இங்க மூட்ட தூக்கறவங்க வூட்ல கொழம்பே வெக்கறதில்லையா?"

பாய் கோணி ஊசி கேட்டார்.

லோடுமேன்கள் தையலைப் பிரித்தார்கள். சின்னபாப்பா இரண்டு கையையும் விட்டு ஓர் அள்ளு எடுத்தார். மூட்டையை மறுபடி பார்க்கக்கூட இல்லை, அடுத்ததற்குப் போனார். பாய் குந்தி உட்கார்ந்து தைத்தார். நான் சணல் வெட்டிக் கொடுத்தேன். அதிலும் நீளம் போதவில்லை என்று இரண்டு முறை திட்டு வாங்கினேன்.

அதிகாரி தன் விருப்பத்துக்கு ஒரு மூட்டையைத் தராசில் ஏற்றினார். முள் இருபத்தைந்தில் நின்றது. இன்னொன்று. இருபத்தைந்து. ஏழெட்டு மூட்டைக்குப் பிறகு தராசில் கோளாறு என்று சந்தேகப்பட்டு, எடைக்கல் கொண்டு வரச் சொல்லிச் சோதித்தார். தராசு சரியாகத்தான் இருந்தது.

மூன்று மணிவாக்கில் ஒரு மூட்டையில் சின்னபாப்பா அள்ளியதில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே போட்டார். அதிகாரி பிடித்துக்கொண்டார். "ஏம்மா, இதுல மட்டும் ஏன் கம்மியா எடுக்கறீங்க?"

"இது எங்ககூட வேல செய்ற காவேரி கட்னதுங்க. முடிச்சப் பாருங்க, எடது கை முடிச்சு. அவளுக்குச் சின்னக் கை. நான் அள்ற அளவு அவ வெச்சிருக்க மாட்டா."

தராசில் ஏற்றினார்கள். அதிகாரி குனிந்து முள்ளைப் பார்த்தார். நானும் குனிந்தேன். இருபத்தைந்து. அவர் நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குப் பிறகு அவர் எதையும் நிறுக்கவில்லை. ஒரு மணி நேரம் நான் எடையைப் பற்றிப் பாடம் நடத்தியது இந்தக் கைகளுக்கு.

நாலரைக்குக் கடைசி மூட்டை கிரேனுக்குப் போனது. மீந்த புளியை லோடுமேன்கள் துண்டில் முடிந்துகொண்டார்கள். பாய் ஒரு பிடியை அதிகாரியிடம் நீட்டினார்.

"வேணாம் பாய். லஞ்சத்துல சேரும்."

"அப்ப மோந்தாவது பாருங்க."

மோந்து பார்த்தார். "நல்ல புளி" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டார்.

4. கற்றது

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு மண்டிக்கோ பட்டறைக்கோ போனால் முதல் நாள் வாயைத் திறக்காதீர்கள். காலையிலிருந்து மாலைவரை ஓரமாக உட்கார்ந்து, அவர்கள் எப்படிக் கட்டுகிறார்கள், எதை எதற்காகப் போடுகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் புத்தகத்தில் இல்லாத ஒன்று அங்கே கட்டாயம் இருக்கும். அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். அதற்குக் காகிதத்தில் இடம் தேடுங்கள்.

அடுத்த முறை லண்டனுக்குப் போன காகிதங்களில் நெட் வெயிட்டுக்குக் கீழே ஒரு வரி கூடியது: மூட்டைக்கு நானூறு கிராம் கூடுதல், விலை இல்லை. காவேரி கட்டிய மூட்டைகளுக்குத் தனி வரி, முந்நூற்று ஐம்பது. இரண்டையும் நான் தராசில் வைத்துப் பார்க்கவில்லை. சின்னபாப்பாவிடம் கேட்டு எழுதினேன்.