மகள் வந்தால் இறங்கும் ஹேண்டில்

எங்கள் வீட்டு சைக்கிள் ஊதா நிறம். மகளுடையது. அதில் அறுபத்தொரு வயதுக்காரன் ஒருவன் தொப்பையும் தொப்பியுமாகக் கல்கத்தாவின் நியூ டவுனைச் சுற்றி வருவதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். எங்கள் அடுக்ககத்துக் காவலர் முதல் நாள் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். என் மனைவி அதைக்கூடச் செய்யவில்லை.

"என்னங்க, பின்னாடி ரெண்டு பலூன் கட்டிவிட்டா நேரா பர்த்டே பார்ட்டிக்கே போயிரலாம்" என்றாள்.

சிரிக்கட்டும். முப்பத்து நான்கு வருடம் கிடர்பூரில், துறைமுக அலுவலகத்துக்காக, லாரிக்கும் கைவண்டிக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி இறங்கியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு காலை ஆறு மணிக்கு, அகலமான சாலையில், சைக்கிளுக்கென்றே விட்ட தடத்தில், முதுகுக்குப் பின்னால் ஒரு ஹார்ன் சத்தம்கூட இல்லாமல் போகிற சுகம் இருக்கிறதே, அப்பப்பா! அதற்காக ஊதா என்ன, ரோஸ் கலரில்கூட ஏறுவேன்.

தொந்தரவு கொடுத்தது ஹேண்டில்தான்.

அது நேர் ஹேண்டில். வளைவே இல்லாத ஒரு குழாய், சீட்டைவிடத் தாழ்வாக, முன்னால் குனிந்து எட்டிப் பிடிக்க வேண்டிய தூரத்தில் இருக்கும். மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம், நாங்கள் டாலிகஞ்சில் குடியிருந்தபோது, அங்கே ஒரு கடையில் வாங்கினோம். கடைக்குள் நுழைந்ததும் அவள் நேராக வேறொரு சைக்கிளிடம் போனாள். அதன் ஹேண்டில் இரண்டு பக்கமும் மேலே எழும்பி, ஓட்டுகிறவர் பக்கமாக வளைந்து வந்திருந்தது. "அப்பா, இது?" என்று அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"சீ, பால்காரர் வண்டி மாதிரி இருக்கு. உன் வயசுக்கு இதுதான்மா" என்று நான் இந்த நேர் ஹேண்டிலைத் தட்டிக் காட்டினேன். கடைக்காரர் என் கட்சியில் சேர்ந்துகொண்டார். அவளும் சரி என்றாள். எங்கள் வீட்டில் சாமான் வாங்குவது என் இலாகா.

நியூ டவுனில் வீடு வாங்கியதே அவளை நினைத்துத்தான். பால்கனியில் நின்றால் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாகத் தெரியும். கல்கத்தாவிலேயே பிறந்து, தமிழில் பேசி வங்காளத்தில் சண்டை போடுகிற பெண். படிப்பு முடிந்ததும் அந்தக் கட்டடங்களில் ஏதோ ஒன்றுக்குத் தினமும் சைக்கிளில் போய் வருவாள் என்று நானே முடிவு செய்திருந்தேன். கிரகப்பிரவேசம் நடந்த மாதமே அவளுக்கு புனேயில் வேலை கிடைத்தது. "ரெண்டு வருஷம் பாக்கறேன்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த இரண்டு வருஷத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வந்துவிடுவாள், வந்தால் சைக்கிள் வேண்டும், ஆகையால் சைக்கிள் அவள் விட்டுப்போன மாதிரியே இருக்க வேண்டும். யாரிடமும் சொல்லாமல் இப்படி ஒரு நியாயத்தை என் மண்டைக்குள் வைத்திருந்தேன்.

ஆனால் கை கேட்கவில்லை. இருபது நிமிடம் ஓட்டினால் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்துப்போகும். வீட்டுக்கு வந்து காபி டம்ளரைப் பிடித்தால் அது வழுக்கும். ஒரு நாள் புது மேஜை விரிப்பிலேயே வழுக்கியது. அதற்குப் பிறகு எனக்குக் காபி பிளாஸ்டிக் கோப்பையில்தான் வந்தது.

மார்க்கெட் ஓரத்து மரத்தடியில் ஒரு சைக்கிள் மெக்கானிக் உண்டு. என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவருக்கு நான் தாதா, அதாவது அண்ணன்; எனக்கும் அவர் தாதா. கல்கத்தாவில் இது ஒரு சௌகரியம். நான் சைக்கிளில் வந்து நிற்பதைப் பார்த்ததுமே வங்காளத்தில் சொன்னார்: "தாதா, நீங்க சைக்கிள் ஓட்டல. தண்டால் எடுக்கறீங்க. உடம்பு வெயிட் மொத்தமும் உள்ளங்கையில நிக்குது. விரல் பாவம் என்ன செய்யும்?"

ஹேண்டிலைத் தாங்கும் தண்டின் உச்சியில் ஒரு போல்ட் இருக்கிறது. அதைத் தளர்த்தி, மேலே கட்டை வைத்து ஒரு தட்டு தட்டினால் தண்டு இளகும். பிறகு ஏற்றலாம், இறக்கலாம். அவர் ஆலன் கீயை எடுத்ததும் நான் பதறி, "இருங்க, இருங்க. பழைய உயரம் எதுன்னு அடையாளம் வேணும். மகள் வந்தா திரும்ப இறக்கணும்" என்றேன்.

"அரத்தால ஒரு கீறல் போட்டுடலாம்" என்றார்.

அவள் சைக்கிளில் கீறலா? வீட்டுக்குத் திரும்பிப் போய் மனைவியின் நகப்பூச்சை எடுத்து வந்தேன். தண்டு உள்ளே இறங்குகிற இடத்தில் சிவப்பாக ஒரு கோடு போட்டேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கோட்டுக்கு மேலே இரண்டு விரல்கடை தூக்கி முடுக்கினார். உலகமே கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது.

அதிலிருந்து இது ஒரு வழக்கமாகிவிட்டது. மகள் வருவதற்கு முந்தின நாள் ஹேண்டிலைச் சிவப்புக் கோட்டுக்கு இறக்குவேன். அவளை விமானம் ஏற்றிவிட்ட மறுநாள் ஏற்றுவேன். மூன்றாவது தடவைக்குள் மெக்கானிக்குக்கு விஷயம் பழகிவிட்டது. நான் பிரேக் பிடிப்பதற்குள், "மெயே ஆஷ்சே?" என்பார். மகள் வர்றாளா என்று கேட்கிறாராம். "ஆஷ்சே, ஆஷ்சே" என்பேன் நான், வாயெல்லாம் பல்லாக. பக்கத்து டீக்கடைக்காரர்கூட அன்றைக்கு எனக்குச் சர்க்கரை கூடப் போடுவார்.

அவள் வந்த மறுநாள் காலையில் சைக்கிளைத் துடைத்து, கீழே வாசலில் நிறுத்தி வைப்பேன். அவளும் ஏறி ஒரு சுற்று போவாள். பத்தே நிமிடத்தில் திரும்பி வந்து மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொள்வாள். பயணக் களைப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

"எப்படி? நீ விட்டுட்டுப் போன மாதிரியே வெச்சிருக்கேன், பாத்தியா?"

"ம். அப்படியேதான்ப்பா இருக்கு."

எனக்கு அது போதும்.

இரண்டு வருடம் முடிந்தது. அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே! இதற்கிடையில் விரல்கள் மறுபடியும் மரத்தன. இன்னும் கொஞ்சம் தூக்குங்கள் என்று போய் நின்றபோது மெக்கானிக் தண்டை முழுக்க வெளியே உருவி, அதில் பொறித்திருந்த ஒரு கோட்டைக் காட்டினார். "இதுக்கு மேல தூக்கக் கூடாது. தூக்கினா ஒரு நாள் ஹேண்டில் உங்க கையில இருக்கும், சைக்கிள் தனியா போயிடும். ஹேண்டிலையே மாத்துங்க தாதா. வளைஞ்சது போட்டா அதுவே உங்க கையைத் தேடி வரும்."

"முடியாது. அது என் மக சைக்கிள்."

"அப்ப அவளே வந்து ஓட்டட்டும்" என்றார் சாதாரணமாக.

எனக்குச் சுருக்கென்றது. இவர் யார் இதைச் சொல்ல? ஒரு வாரம் அந்த மரத்தடிப் பக்கமே போகவில்லை. காற்றைக்கூட வேறு இடத்தில் போய் அடித்தேன்.

அந்த வாரத்தில்தான் இளநீர் வண்டி விவகாரம் நடந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. பிரேக்கைப் பிடிக்க வேண்டிய விரல்கள் தூங்கிக்கொண்டிருந்தன, இளநீர் வண்டி நின்றுகொண்டிருந்தது, நான் போய் மெதுவாக முட்டினேன். நாலைந்து காய்கள் சாலையில் உருண்டோடின. வியாபாரி முதலில் எனக்கு ஒரு காயைச் சீவிக் குடிக்கக் கொடுத்தார், குடித்து முடித்த பிறகு திட்டினார். வீட்டில் வரிசை மாறியது. இளநீர் இல்லை, திட்டு மட்டும்தான்.

"ஒண்ணு ஹேண்டிலை மாத்துங்க, இல்ல சைக்கிளை வித்துத் தொலைங்க" என்றாள் மனைவி. "கை ஒடிஞ்சு கெடந்தா அவ லீவு போட்டுட்டு ஓடி வரணும். அதுதான் உங்க பிளானா?"

அப்படி ஒரு யோசனை எனக்கு வந்ததே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

மரத்தடிக்கே திரும்பிப் போய் ஹேண்டிலை மாற்றினேன். ஏற்றி இறக்குகிற மாதிரி ஐந்து நிமிட வேலை இல்லை இது. பிரேக் பிடிகளைக் கழற்றி, கியரைக் கழற்றி, நீளம் போதாத கேபிள்களைப் புதிதாகப் போட்டு, அரை நாள் ஆனது. முதலில் அவர் வளைவை நிமிர்த்தி வைத்தார், மணிக்கட்டு வெளிப்பக்கம் மடங்கியது. கொஞ்சம் கீழே சாய்த்ததும் உள்ளங்கை தானாகப் படிந்தது. முழங்கை தளர்ந்தது, தோள் இறங்கியது. ஏரிக்கரை வரை போய்த் திரும்பினேன். பத்து விரலும் என்னோடு வீடு வந்து சேர்ந்தன. இத்தனை நாள் என்ன பைத்தியக்காரத்தனம் செய்துகொண்டிருந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நேர் ஹேண்டிலைத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, பரணில் வைத்தேன். மகள் துர்கா பூஜைக்குப் பஞ்சமியன்று வருவதாகச் சொல்லியிருந்தாள். அதற்கு இரண்டு நாள் முன்னால் பழையதை மாட்டிவிட மெக்கானிக்கிடம் சொல்லி வைத்தேன். "உங்க மூளைக்கும் ஒரு தடவை ஆயில் போட்டுத் தரவா?" என்று கேட்டார். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

பஞ்சமிக்கு வர வேண்டியவள் முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையே வந்துவிட்டாள். நான் சுற்றி முடித்து, பூஜைப் பந்தல் மூங்கில்களைத் தாண்டி, ராஜா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து வாசலுக்கு வருகிறேன். எனக்கு முன்னால் ஒரு டாக்சி நிற்கிறது. இறங்குகிறாள். சட்டென்று குதித்து சைக்கிளுக்கு முன்னால் நின்றுகொண்டேன். எனக்குத் தொப்பை அகலம்தான், ஆனாலும் அந்த ஹேண்டிலை மறைக்கிற அளவுக்கு இல்லை.

"ஏ மா!" என்று வங்காளத்தில் வியந்தாள். "அப்பா, இது என் சைக்கிளா?"

"பழசு பத்திரமா இருக்கும்மா. பரண்லதான் இருக்கு. நாளைக்கே மாத்திடலாம். கை கொஞ்சம் மரத்துப்போச்சுன்னு சும்மா தற்காலிகமா..."

அவள் பையை என் கையில் திணித்துவிட்டு ஏறிப் போயே போய்விட்டாள். பையும் தொப்பியுமாக நான் காவலருக்குப் பக்கத்தில் நின்றேன். பத்து நிமிடம் ஆனது, இருபது ஆனது. அரை மணி கழித்து முடியெல்லாம் கலைந்து, சிரித்துக்கொண்டு வந்து இறங்கினாள். மணிக்கட்டைத் தேய்த்துக்கொள்ளவில்லை.

"செமயா இருக்குப்பா! என்னோடதும் இதே மாதிரி ஹேண்டில்தான்."

"இதுதானே உன்னோடது?"

அவள் சிரிப்பு நின்றது. "புனேல ஒண்ணு வாங்கியிருக்கேன்ப்பா. நாலு மாசம் ஆச்சு."

பெட்டியில் மடித்து எடுத்துக்கொண்டு வர சைக்கிள் என்ன சுடிதாரா? ஒரு ஊரில் சைக்கிள் வாங்குகிறவள் அந்த ஊரில் இருக்கப் போகிறாள். அவள் வாய் திறந்து சொல்லாததை அந்த சைக்கிள் சொல்லிவிட்டது.

"ஒரு வார்த்தை சொல்லலியே" என்றேன். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தேன், குரல் ஒத்துழைக்கவில்லை.

"எப்படிப்பா சொல்றது? ஒவ்வொரு தடவையும் நீங்க இதை இறக்கி, துடைச்சு, வாசல்ல நிறுத்திட்டு என் மூஞ்சியையே பாக்கறீங்க. அம்மா எல்லாம் சொல்லிட்டாங்க, நெயில் பாலிஷ் கோடு வரைக்கும்." பக்கத்தில் வந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். "அந்த நேர் ஹேண்டில்ல எனக்கும் கை மரத்துப்போகும்ப்பா. காலேஜ் படிச்ச நாலு வருஷமும். அது நீங்க எடுத்தது. நான் கடையில வளைஞ்சதைத்தான் கேட்டேன்."

குற்றமாகச் சொல்லவில்லை, நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரிதான் சொன்னாள். அதனாலேயே அதிகம் வலித்தது. அவளுடையது, அவளுடையது என்று கோடு போட்டு நான் காவல் காத்தது அவளுக்கு ஒரு நாளும் பிடிக்காத என் விருப்பத்தைத்தான். கண் நிறைந்துவிட்டது. காவலருக்கு முன்னால் வேண்டாம் என்று தொப்பியைக் கீழே இழுத்துக்கொண்டேன்.

அவள் அதற்குள் ஹேண்டிலை ஆராய ஆரம்பித்திருந்தாள். "தூர்!" என்று வங்காளத்தில் சலித்துக்கொண்டாள். "பிரேக்கை யாரு இவ்ளோ மேல வெச்சது? ஆலன் கீ எங்க?" எடுத்து வந்து கொடுத்தேன். "ஏறுங்க. கண்ணை மூடிக்கங்க. கையை எங்க வைக்கத் தோணுதோ அங்க வைங்க."

ஏறினேன், மூடினேன், வைத்தேன். என் விரல்கள் நீண்ட இடத்துக்குப் பிரேக் பிடிகளைக் கொண்டுவந்து முடுக்கினாள். ஏறி உட்கார், கையை வை என்று அன்று டாலிகஞ்ச் கடையில் நானும் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பூஜை முடிந்து அவள் போன பிறகு நேர் ஹேண்டிலை மெக்கானிக்கிடமே கொடுத்துவிட்டேன். "யாராவது கேட்டா, ஓட்டப்போறவங்களை ஏத்தி உக்கார வெச்சுப் பாத்துட்டுக் குடுங்க. அப்பாவைக் கேக்காதீங்க" என்றேன். மனைவி கேட்காமலேயே பஞ்சும் நகப்பூச்சு அழிக்கும் திரவமும் எடுத்துக் கொடுத்தாள். சிவப்புக் கோடு இரண்டே துடைப்பில் போய்விட்டது.

போன வாரம் பின்சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தது. மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். முகத்தில் என்ன தெரிந்ததோ, மெக்கானிக் பழைய பழக்கத்தில் ஆலன் கீயை எடுத்துக்கொண்டே கேட்டார்: "மெயே ஆஷ்சே?"

"ஆஷ்சே" என்றேன். "நாலு நாள் லீவுல வர்றா. ஹேண்டிலைத் தொட வேண்டாம் தாதா. காத்து மட்டும் அடிங்க."