கோயில் போய்ச் சேராத எலுமிச்சம்பழம்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்திருந்த நேரம். அதில் ஒன்றில் எனக்கு ஸ்டோர் கிளார்க் வேலை. நான் தெற்கத்திக்காரன், இருபத்துநாலு வயது, கல்யாணம் ஆகவில்லை. புதுவாயல் கூட்டு ரோட்டில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் பத்துக்குப் பத்து அறையில் தங்கியிருந்தேன்.

வாரத்தில் ஆறு நாள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் ஆளைக் கொல்லும். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் சனிக்கிழமை சாயங்காலமே ரயிலேறி மெட்ராஸ் பக்கம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கு ஊருக்குப் போய்வர ஒரு நாள் போதாது. காலையில் டீக்கடையில் "ஒரு டீ" என்று சொல்வேன். அதற்கப்புறம் திங்கட்கிழமை காலை மறுபடியும் "ஒரு டீ" என்று சொல்லும்வரை வாயைத் திறக்க வேலையே இருக்காது. அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தால் அழுகை வரும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சில நாள் அழுதும் இருக்கிறேன்.

அதனால் ஒரு பழைய சைக்கிளை வாங்கி ஞாயிறுதோறும் மிதிக்க ஆரம்பித்தேன். கல்கத்தா ரோட்டில் லாரிகள் உயிரை எடுக்கும். ஆனால் கூட்டு ரோட்டில் திரும்பிப் பெரியபாளையம் ரோட்டில் இறங்கிவிட்டால் வேறு உலகம். இரண்டு பக்கமும் நெல் வயல், புளியமரம், நடுவில் ஆளே இல்லாத ரோடு. அம்மன் கோயிலுக்குக் கூட்டம் வருகிற ஆடி மாதத்தைத் தவிர மற்ற நாட்களில் நடுரோட்டில் பாய் விரித்துப் படுக்கலாம். எப்போதாவது ஒரு பஸ், ஒரு மாட்டுவண்டி. அந்தத் தனிமை அறைக்குள் இருந்த தனிமை மாதிரி இல்லை, கொஞ்சம் காற்றோட்டமான தனிமை. ஆறு மைல் தள்ளி ஓர் ஏரி. அதன் கரையில் மரத்தடியில் படுத்துக் கிடந்துவிட்டு மத்தியானம் திரும்புவேன். அதற்குமேல் நாலு மைல் போனால் கோயில். நான் ஒருநாளும் போனதில்லை. எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அந்த வயதில் அது ஒரு பெருமை வேறு.

வழியில் நாலாவது மைலில் ரோட்டை ஒட்டி ஓர் ஓட்டு வீடு தனியாக நிற்கும். பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டைத் தாண்டும்போது வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. வேலியோரம் நின்றிருந்த ஒரு பெண் கையை ஆட்டி நிறுத்தினாள். என் வயதுதான் இருக்கும்.

"சார், கிட்ட வராதீங்க. அங்கியே நில்லுங்க. எங்க ஊட்ல அம்மா வந்துகீறா."

அவளுடைய ஐந்து வயதுப் பெண்ணுக்கு அம்மை போட்டிருந்தது. புருஷன் கல்கத்தா லைனில் லாரி ஓட்டுகிறவர், போய்ப் பத்து நாளாகிறது, அவருக்கு விஷயமே தெரியாது. அம்மை போட்ட வீட்டிலிருந்து யாரும் கோயிலுக்கோ அடுத்த வீட்டுக்கோ போகக் கூடாது, அக்கம்பக்கத்தாரும் உள்ளே வர மாட்டார்கள். பிள்ளையும் அவளும் மட்டும்தான்.

"நீங்க ஞாயித்துக்கெழமன்னா தவறாம கோயிலுக்குப் போறீங்களே, வாராவாரம் பாக்கறவதான் நானு. இத்த அம்மா காலடில வச்சுட்டு, அங்கேருந்து ரெண்டு கொத்து வேப்பெல கொண்டாந்து குடுங்க சார். புண்ணியமாப் போவும்."

வேலிக்கல் மேல் இரண்டு எலுமிச்சம்பழமும் ஒரு கற்பூரப் பொட்டலமும் வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் போய் நின்றுகொண்டாள்.

நான் கோயிலுக்குப் போகிறவன் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்த ஊருக்கு வந்த மூன்று மாதத்தில் வேலை விஷயமாக இல்லாமல் என்னிடம் ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை. ஞாயிறுதோறும் நான் போவதை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பதே எனக்கு ஏதோ போல இருந்தது. சரியென்று தலையாட்டிவிட்டுப் பழங்களைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். போய்விட்டு வரலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

ஆனால் வெயில். ஏரிக்கரையில் கொஞ்சம் உட்காரலாம் என்று உட்கார்ந்தவன் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது உச்சிவெயில். இந்நேரம் கோயில் நடை சாத்தியிருப்பார்கள், இனிப் போனால் நாலு மணி வரை காத்திருக்க வேண்டும். நாக்கு வறண்டிருந்தது. பாட்டிலில் தண்ணீர் சுட்டது. பைக்குள் இரண்டு எலுமிச்சம்பழம். என் புத்தி எப்படிப் போயிற்று என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. பேனாக்கத்தியால் அறுத்து, இரண்டையும் பாட்டிலில் பிழிந்து குடித்துவிட்டேன்.

குடித்த தெம்பில் நியாயமும் வந்துவிட்டது. இலையில் கோயில் இலை என்ன, ரோட்டு இலை என்ன, எல்லாம் ஒரே மரம்தானே? பிள்ளைக்கு அம்மை தானாக இறங்கும், இவளுக்கு மனத் திருப்தி வேண்டும், அவ்வளவுதானே? வழியில் நின்ற ஒரு வேப்பமரத்தில் இரண்டு கொத்து ஒடித்துக்கொண்டேன். கற்பூரத்தை வயலில் எறிந்தேன்.

அவள் வேலியோரம் காத்துக்கொண்டிருந்தாள். கொத்தைக் கல்மேல் வைத்தேன். முந்தானையை விரித்துப் பிரசாதம் வாங்கிக்கொள்வது போல எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நல்லா இருப்பே சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். நான் சைக்கிளை மிதித்த வேகத்தில் செயின் கழன்று விழாதது ஆச்சரியம்.

அந்த வாரம் முழுக்கக் கணக்கில் பிழை மேல் பிழை. ஸ்க்ரூ கேட்டவனுக்குப் பேரிங்கைக் கொடுத்தேன். புதன்கிழமை டீக்கடைக்காரரிடம் பேச்சுவாக்கில் அந்த வீட்டைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தக் கொயந்தைக்கா? ஜாஸ்தியா கீதுன்றாங்க சார். கண்ணுலயும் முத்து போட்டுடுச்சாம். அந்தப் பொண்ணு ஒண்டியா பேஜாரு பட்டுகினு கீது, யாரு போறது உள்ள?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். ஏதாவது ஆகிவிட்டால்? இலைக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இல்லை என்று என் அறிவு சொன்னது. ஆனாலும் என்னால் அதை நம்ப முடியவில்லை. இதை யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால் அந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அடுத்த ஞாயிறு விடிந்ததும் கிளம்பினேன். நாலு மைலும் நாற்பது மைலாக இருந்தது. எத்தனையோ வாரம் ஆளில்லாத அந்த ரோட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன், அன்றைக்கு எதிரில் ஒருவர் வந்து ஒரு நல்ல செய்தி சொல்ல மாட்டாரா என்று ஏங்கினேன். ஒரு நாய்கூட வரவில்லை.

வேப்பிலை இன்னும் வாசலில் செருகியபடி இருந்தது. அதைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. பிள்ளை இருக்கிறது. அவள் வெளியே வந்தாள். ஒரே வாரத்தில் பாதியாக இளைத்துப்போயிருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"எறங்கல சார். கோயில் எலைய தலமாட்டுல வச்சும் எறங்கல. கண்ணு தொறக்கமாட்டேங்குது. எல்லாம் என்னாலதான்" என்றாள்.

"உன்னால என்னம்மா?" என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா ஊட்ல இருக்கும்போது கவிச்சி தொடக் கூடாதில்ல? நீங்க எல கொண்டாந்ததுக்கு மொத நாளு, சனிக்கெழம, நாக்கு செத்துப்போச்சுன்னு ஒரே ஒரு துண்டு கருவாடு சுட்டுத் துன்னுட்டேன் சார். ஒரே ஒரு துண்டு. அதான் அம்மா எம் பழத்த வாங்கிக்கல. வெறும் எலையத் திருப்பி அனுப்பிட்டா. இன்னியோட ஆறு நாளா மண்சோறு துன்னுகினு கீறேன். இன்னும் அவளுக்கு மனசு எறங்கல."

மண்சோறு என்றால், இலையோ தட்டோ இல்லாமல் வெறுந்தரையில் சோற்றைப் போட்டு, மண்ணோடு தின்பது. அம்மனிடம் மன்னிப்புக் கேட்கச் செய்கிற வேண்டுதல். ஆறு நாளாக இவள் அதைத்தான் தின்றிருக்கிறாள். நான் குடித்த எலுமிச்சம்பழத்துக்கு அவள் மண் தின்றிருக்கிறாள்.

சைக்கிளை அப்படியே வேலியில் சாய்த்துவிட்டுச் சொன்னேன். கோயிலுக்குப் போகவில்லை என்று சொன்னேன். எந்தக் காலத்திலும் போனதில்லை, பொழுது போகாமல் சைக்கிள் விடுகிறவன் என்று சொன்னேன். பழத்தைப் பிழிந்து குடித்ததைச் சொன்னேன். இலை ரோட்டோர மரத்து இலை என்றும் சொல்லிவிட்டேன். தலை நிமிராமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, விளக்குமாற்றால் அடித்தாலும் வாங்கிக்கொள்வதென்று நின்றேன்.

பிறகு அவள் கேட்டாள்:

"அப்ப... அம்மா எம்மேல கோச்சுக்கல?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆனால் அது துக்க அழுகை இல்லை.

"அம்மாவுக்குப் போய்ச் சேரவே இல்லியா? அவளுக்குத் தெரியவே தெரியாதா? அய்யோ, நான் இன்னாமோ ஏதோன்னு... அண்ணா, அவ கோச்சுக்கல அண்ணா!"

என் குற்றம் அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. ஆறு நாளாகத் தலையில் சுமந்த பாறையை இறக்கி வைத்தவள் மாதிரி இருந்தாள். உள்ளே ஓடினாள். புதிதாக இரண்டு பழத்தோடு வந்து அதே கல்மேல் வைத்தாள். இவ்வளவுக்குப் பிறகும் என்னிடமே!

"இன்னா பாத்துகினு நிக்கறே? போ அண்ணா, வெயிலுக்கு முன்னாடி போ."

போனேன். ஏரி வந்தது, தாண்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கோயிலுக்குள் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கால் வைத்தேன். பழத்தைக் கொடுத்துக் கற்பூரம் ஏற்றச் சொன்னேன். வேண்டிக்கொள்ளத் தெரியவில்லை. "இது அந்தப் பெண் கொடுத்தது, நான் வெறும் ஆள்" என்று மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வேப்பிலையை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, விசாரித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் போனேன். ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு நர்ஸம்மா இருந்தார்கள். பிள்ளையின் கண்ணைப் பற்றிச் சொன்னதும் முகவரி கேட்டு எழுதிக்கொண்டார்கள். மறுநாளே வீட்டுக்கு வந்து கண்ணில் மருந்து விட்டதாகப் பிறகு தெரிந்தது.

திரும்பி வந்து இலையைக் கொடுத்தபோது அவள் சாப்பிட்டுவிட்டிருந்தாள். தட்டில் போட்டுத்தான் சாப்பிட்டாளாம், அவளே சொன்னாள். பிள்ளைக்கு அடுத்த வாரம் கண் திறந்தது. மூன்றாவது முறையும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வாசல் வேப்பிலையை எடுத்தார்கள். மூக்கோரம் இரண்டு தழும்பு, அவ்வளவுதான். இலையால் சரியானதா, மருந்தாலா, தானாகவா என்று நான் யாரிடமும் வாதாடவில்லை. மாற்றலாகிப் போகும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் எனக்கு ஒரு வாய்ச் சோறு இருந்தது. அவள் என் தப்பைப் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. மறைத்தாள் என்றில்லை, அவளுக்கு அது சொல்லத் தக்க விஷயமாகவே படவில்லை.

நாத்திகம் பேசுவதை நான் இன்றும் விடவில்லை. ஆனால் யாராவது ஒரு சின்னப் பொருளைக் கொடுத்து "இதை அங்கே சேர்த்துவிடு" என்று சொன்னால், அது எனக்கு எவ்வளவு அற்பமாகத் தெரிந்தாலும் கொண்டுபோய்ச் சேர்க்காமல் தூங்குவதில்லை. வாழ்க்கையில் என் தப்புகளுக்காக எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், எல்லாம் மறந்துவிட்டது. என் தப்பைக் கேட்டுச் சந்தோஷத்தில் அழுத அந்த ஒரு முகத்தை மட்டும் இத்தனை வருஷமாகியும் என்னால் நேருக்கு நேர் நினைத்துப் பார்க்க முடியவில்லை.