ஃப்ளெக்ஸில் நன்றி சொன்ன கள்ள ஓட்டு

கள்ள ஓட்டுப் போட்டுவிட்டுக் கமுக்கமாக இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போட்டுவிட்டு அதற்கு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டி நன்றி சொன்னவர் எனக்குத் தெரிந்து என் தங்கச்சி புருஷன் மட்டும்தான்.

தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னால் மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை அவளை மைக்கைத் தொட விடவில்லை. அப்போது ஒரு வெப்சைட்டில் பாட்டுப் போட்டி வைத்தார்கள். பாட்டைப் பதிவு செய்து அனுப்பினால், கேட்கிறவர்கள் கம்ப்யூட்டரிலேயே ஓட்டுப் போடுவார்கள். அவள் அனுப்பிய பாட்டு கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டது.

"ஜெயிச்சா மறுபடியும் கச்சேரிக்குப் போ. இல்லாட்டி இதோட பாட்டை விட்டுரணும்" என்றார் மாப்பிள்ளை. அவள் சரி என்றாள்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். மதுரை சிம்மக்கல்லில் வாழைக்காய் மண்டியில் வேலை. பழங்காநத்தத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் வாசல்வரை போய், கூச்சப்பட்டுத் திரும்பி, மறுநாள்தான் உள்ளே போனேன். அங்கிருந்த பெண் எனக்கு ஒரு இமெயில் உண்டாக்கிக் கொடுத்தது. ஒரு இமெயிலுக்கு ஒரு ஓட்டு. வெப்சைட்காரர்கள் போட்டு வைத்திருந்த காவல் அவ்வளவுதான். ஹெட்போனில் பாட்டு விட்டுவிட்டு வந்தது. கடைசிவரை கேட்டுவிட்டு ஓட்டைப் போட்டேன்.

"எம்புட்டு ஓட்டுப் போட்டீங்க மச்சான்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"ஒண்ணுதான் மாப்ள."

"ஒத்த ஓட்டுப் போடவா பஸ் ஏறிப் போனீங்க? இதுக்கு மண்டியிலயே இருந்திருக்கலாம்ல."

பொண்டாட்டி பாடுவது பிடிக்காவிட்டாலும், தன் வீட்டு ஆள் தோற்பது அவருக்கு அதைவிடப் பிடிக்காது. அவருடைய கூட்டாளி காளவாசலில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். இமெயில் இலவசம், யார் பேரிலும் உண்டாக்கலாம். வேலைவெட்டி இல்லாத நாலைந்து பேரை உட்கார வைத்து, பரோட்டா வாங்கிக் கொடுத்து, இஷ்டத்துக்கு இமெயில் உண்டாக்கி ஓட்டுப் போட வைத்தார். கதவில்லாத வீட்டுக்குப் பூட்டுப் போட்ட வெப்சைட்காரர்களைவிட இவரே தேவலை என்றிருந்தது எனக்கு.

அத்தோடு விட்டாரா? இந்த ஊரில் உதவி செய்தவன் முகத்தை ஃப்ளெக்ஸில் போடாவிட்டால் அவன் ஆயுசுக்கும் பேசமாட்டான். முடிவு வருவதற்கு முன்பே காளவாசலில் பேனர் ஏறியது. நடுவில் வேட்டி சட்டையில் மாப்பிள்ளை. பக்கத்தில் கூட்டாளி. கீழே வரிசையாக அந்தப் பயல்கள். "இரவு பகல் பாராமல் ஆயிரக்கணக்கில் ஓட்டுப் போட்ட தம்பிகளுக்கு நன்றி" என்று கொட்டை எழுத்து. பாடியவள் படம் ஒரு மூலையில், தபால்தலை அளவுக்கு.

போட்டியில் இருந்த இன்னொருத்தியின் ஆட்கள் அதைப் போட்டோ எடுத்து வெப்சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் வெப்சைட்காரர்களுக்கு விழிப்பு வந்தது. யார் போட்டது நல்ல ஓட்டு என்று பிரித்துப் பார்க்கத் துப்பில்லை. மதுரை பிரவுசிங் சென்டர்களிலிருந்து தங்கச்சிக்கு விழுந்த ஓட்டு அத்தனையையும் ரத்து செய்தார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் எங்கள் பக்கம் யார்? என் ஓட்டும் போயிற்று. தங்கச்சி தோற்றாள்.

அன்றைக்கு அவள் வீட்டில்தான் இருந்தேன்.

"ஊர்ப்பொறாமை மச்சான். நல்லா இருந்தா விடமாட்டாய்ங்க" என்றார் மாப்பிள்ளை. பிறகு அவளிடம், "சொன்ன பேச்சு ஞாபகம் இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு. ஏங்க, ஓட்டுப் போட்ட தம்பிகள்ல ஒருத்தராச்சும் என் பாட்டைக் கேட்டாகளா?"

"பாட்டு லோடாக எம்புட்டு நேரமாகும் தெரியுமா? அதைக் கேட்டுக்கிட்டிருந்தா ஓட்டு எப்பப் போடுறது?"

"நீங்க?"

அவர் டிவி ரிமோட்டைத் தேடினார்.

"யாரும் கேட்காத பாட்டு எப்படிங்க தோக்கும்? தோத்தது உங்க பேனரு. நான் கச்சேரிக்குப் போறேன்" என்றாள். மெல்லிசைக் குழுவுக்கு அவர் முன்னாலேயே போன் போட்டாள்.

அடுத்த முகூர்த்தத்தில் பழங்காநத்தத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் பாடினாள். மாப்பிள்ளை முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நம்ம வீட்டுக்காரம்மாதான். நாந்தேன் பாடச் சொன்னேன்."