தொம்மை அண்ணாச்சியின் வலது கை

ஆறுதல் சொல்வதற்கு மாதச் சம்பளம் வாங்கியவள் நான். சிரிக்காதீர்கள். துக்க வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய் என்ன பேசுவது என்று தெரியாமல் நீங்களும் நின்றிருப்பீர்கள். வருஷத்துக்கு நாலு தடவை நீங்கள் பட்ட அவஸ்தையை நான் தினமும் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் நாலு வரை பட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. மதுரையில் சமூகப்பணி படித்துவிட்டு வந்த எனக்கு, ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் ஓர் அறையும் இரண்டு நாற்காலியும் கொடுத்தார்கள். கவுன்சிலிங் என்ற சொல் அப்போது ஊருக்குள் வந்து சேரவில்லை. மருந்தில் தீராத கேஸ் வந்தால் பெரிய டாக்டர் சீட்டில் "பேசி அனுப்பவும்" என்று எழுதி என்னிடம் தள்ளிவிடுவார். எனக்குச் சொந்த ஊர் நாசரேத். நாசரேத்துப் பெண் படித்திருந்தால் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்பது இந்த வட்டாரத்தின் முடிவு. ஆகவே வேலையில் சேர்ந்த முதல் நாளே நான் டீச்சர் ஆனேன்.

நோட்டுப் புத்தகம்

முதலில் வந்தவர் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் நெல் விவசாயம் பார்க்கிறவர். மனைவி இறந்து மூன்று மாதம். தூக்கம் இல்லை என்று டாக்டரிடம் மாத்திரை கேட்டு வந்தவரை என்னிடம் அனுப்பியிருந்தார்கள். நானும் காத்துக்கொண்டுதான் இருந்தேன். துக்கம் என்னென்ன படியாக இறங்கும், எந்தப் படியில் கோபம் வரும், எந்தப் படியில் மனம் ஒப்பும் என்று கல்லூரியில் எழுதி வைத்த நோட்டு என் மடியில் இருந்தது. முக்கால் மணி நேரம் மூச்சுவிடாமல் பேசினேன். நடுவில் அவரை ஒரு வார்த்தை பேச விட்டேனா என்றால், இல்லை.

மனிதர் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, வாய்க்கால் அதிகாரி பேச்சைக் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டார். முடித்ததும் எழுந்து கும்பிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி நின்று சொன்னார்: "நல்லாத்தான் சொல்லுதிய டீச்சர். உங்க வீட்ல இன்னும் யாரும் சாகல போலிருக்கு."

எருமை

அதற்குப் பிறகு நோட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, எதிரில் இருப்பவரைப் பேச விடுவது என்று தீர்மானித்தேன். ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை பார்த்த ஓர் அம்மாள் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தார். புருஷன் உப்பளத்திலேயே மயங்கி விழுந்து போய்ச் சேர்ந்திருந்தார். அம்மாள் வந்து உட்கார்ந்ததும் எருமையைப் பற்றி ஆரம்பிப்பார். அது இப்போதெல்லாம் பாதிப் பாலை அடக்கிக்கொள்கிறது, பருத்திக்கொட்டை வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, இப்படியே ஒரு மணி நேரம்.

நான் விடுவேனா? பேச்சைச் சுற்றி வளைத்துப் புருஷனிடம் கொண்டுபோய் நிறுத்துவேன். அந்த அம்மாள் அதே வேகத்தில் எருமையிடம் திரும்பிப் போய்விடுவார். நாலாவது வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுமை போய், அவரைப் பற்றி ஏன் பேச மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவியளப் பத்திப் பேச வீட்ல எட்டுப் பேரு இருக்காவ டீச்சர். எருமையப் பத்திப் பேசத்தான் எனக்கு ஆளு இல்ல."

மூடாத கை

இப்போது சொல்லப்போவதுதான் என் உத்தியோகத்தில் பெரிய கேஸ். கடற்கரைத் தெருவிலிருந்து தொம்மை என்ற நாற்பது வயது மனிதர் வந்தார். வலது கை விரல்கள் ஐந்தும் விரிந்தது விரிந்தபடி இருந்தன. மடங்கவில்லை. சோறு பிசைந்து அவர் மனைவிதான் ஊட்டினாள். டாக்டர் தட்டிப் பார்த்து, குத்திப் பார்த்து, நரம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று கண்டு, வழக்கம்போல "பேசி அனுப்பவும்" என்று எழுதிவிட்டார்.

தொம்மையின் தங்கை மிக்கேலம்மாளின் புருஷன் சூசை சங்கு குளிக்கிறவர். குளிக்கிறவர் கல்லில் கால் வைத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்குவார். மேலே வள்ளத்தில் ஒருவர் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழேயிருந்து இழுப்பு வந்தால் அந்த நொடியே தூக்க வேண்டும். அந்த வேலையை மனைவியின் உடன்பிறந்தவனுக்குத்தான் கொடுப்பார்கள். தன் தங்கை தாலி அறுக்க எவனும் சம்மதிக்க மாட்டான் என்ற நம்பிக்கை. பங்குனியில் ஒரு நாள் சூசை மேலே வரும்போது உயிர் இல்லை. கயிறு தொம்மை கையில் இருந்தது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் கை விரிந்துகொண்டது. அதோடு தங்கை வீட்டு வாசலையும் அவர் மிதிக்கவில்லை. முப்பதாம் நாள் பூசைக்குக்கூடப் போகவில்லை.

கை மட்டும் பிரச்சினை இல்லை. கடைசித் தங்கை செசிலிக்குத் தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அவள் புருஷன் அந்தோணியும் சங்கு குளிக்கிறவன். கார்த்திகையில் மறுபடி கடலில் இறங்க வேண்டும். கயிறு பிடிக்க அந்த வீட்டில் ஒரே ஒரு அண்ணன்தான் உண்டு. இதையெல்லாம் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்துவிட்டு அவர் கேட்டார்: "இந்தக் கைய மூட வச்சாலும், பெறவு எவன் டீச்சர் இதுல கயித்தக் குடுப்பான்?"

தப்பில்லை, தப்பில்லை

ஆறு வாரம் நான் பாடிய பாட்டு இது ஒன்றுதான். நீரோட்டம் மோசம் என்றேன். தண்ணீர் கலங்கியிருந்தது என்றேன். சூசைக்கு நெஞ்சு வலி இருந்திருக்கலாம் என்றேன். எப்படிச் சுற்றினாலும் "உங்கள் தப்பில்லை அண்ணாச்சி" என்றுதான் முடிப்பேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வோம், நீங்களும் சொல்லியிருப்பீர்கள். ஏழாவது வாரம் வந்தபோது அவருக்கு இடது கையும் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது.

என்னதான் செய்கிறது உங்களுக்கு என்று கேட்டேன். உண்மையாகவே தெரியாமல் கேட்டது அன்றுதான். அவர் விரிந்த கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "எந்தப்பு இல்லன்னு நீங்க சொல்லச் சொல்ல, நான் அங்கன வேடிக்க பாக்கப் போனவன் மாதிரில்லா ஆவுது."

மிக்கேலம்மாளின் கேள்வி

அப்புறம்தான் நான் வாயை மூடினேன். அவர் திறந்தார். இழுப்பு வந்தபோது அவர் பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டிருந்தார். பெரிய விஷயம் ஒன்றுமில்லை, யார் வீட்டிலோ கட்டிய புதுக் கூரையைப் பற்றிய பேச்சு. அந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத் திரும்பினார். அவ்வளவு நேரம்தான் சுணக்கம். அதனால்தான் சூசை போனாரா, முன்பே போய்விட்டாரா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. கேட்க உரிமை உள்ளவள் ஒருத்திதான், அவள் வீட்டுக்குத்தான் அவர் போவதில்லை.

அவரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு மிக்கேலம்மாள் வீட்டுக்குப் போனேன். என்னை அடுப்படியில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். அண்ணன் பேரை எடுத்ததும் அவள் கையில் இருந்ததைத் தூக்கி எறிவாள் என்று பயந்திருந்தேன். அவளுடைய கோபம் வேறு பக்கம் இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஆண்டவர் சித்தம் என்றார்கள், அழாதே என்றார்கள், அன்று வள்ளத்தில் என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்டாலும் பேச்சை மாற்றினார்கள். அதைச் சொல்லக்கூடிய அண்ணனோ ஓடி ஒளிந்துகொண்டிருந்தார்.

மறுநாள் என் அறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இரண்டே நாற்காலி என்பதால் நான் சுவரோரம் நின்றேன். தொம்மை கூரைப் பேச்சு உட்பட ஒன்று விடாமல் சொன்னார். நடுவில் புகுந்து ஏதாவது சொல்லிவிடத் துடித்த நாக்கை நான் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவள் கேட்டது, "காலைல அவிய என்ன சாப்பிட்டாவ?" என்று. "நீ குடுத்து விட்ட கஞ்சிதான். உப்பு கூடன்னு சொல்லிச் சிரிச்சாரு, மிச்சம் வைக்காமக் குடிச்சாரு" என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. நானும் அழுதேன், தொழில் தர்மம் என்று ஒன்று இருந்தும் அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் எழுந்தாள். "நீ சுணங்குனத நான் மறக்க மாட்டேன். நாளைக்கி வீட்டுக்கு வா. இத இன்னொரு மட்டம் மொதல்லருந்து சொல்லு."

செசிலி கேட்ட சீட்டு

அவர் போனார். ஞாயிறுதோறும் பூசை முடிந்து போய், அதே கதையைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவள் புதிதாக ஒன்று கேட்பாளாம். ஆடியில் கட்டைவிரல் மடங்கியது. ஆவணியில் டம்ளர் பிடித்தார். ஐப்பசியில் சோற்றைத் தானே பிசைந்து சாப்பிட்டார். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, நாற்காலியை விட்டுக் கொடுத்தேன் என்றேன். அவர் நம்பவில்லை.

ஆனால் கயிறு பிடிக்க மாட்டேன் என்பதில் தொம்மை உறுதியாக இருந்தார். செசிலி பயந்துபோய் அக்காவையும் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். வேறு ஆளிடம் கயிற்றைக் கொடுத்தாலும் பயம், அண்ணனிடம் கொடுத்தாலும் பயம். அந்தக் கையை நம்பலாம் என்று ஆஸ்பத்திரி முத்திரை போட்டு ஒரு சீட்டு வேண்டும் என்றாள். விரல் மடங்குகிறது என்று டாக்டர் எழுதித் தருவார், நம்பலாம் என்று எந்த டாக்டர் எழுதுவார்? அதை அவளிடம் அப்படியே சொன்னேன். வாசற்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த மிக்கேலம்மாள் தங்கையைப் பார்த்தாள்.

"அண்ணன்ட்டயே குடு ஏளா. வேற எவன் பிடிச்சாலும் ஒரு கண்ணு கயித்துல, ஒரு கண்ணு ஊர்ப் பேச்சுல. அண்ணனுக்கு இனி ரெண்டு கண்ணும் கயித்துலதான். நான் சொன்னேன்னு சொல்லு, பிடிப்பாரு."

கார்த்திகையில் தொம்மை கயிறு பிடித்தார், அந்தோணி இறங்கின தடவையெல்லாம் மேலே வந்தான், பேசுவதற்காக என்னை வேலைக்கு வைத்த ஆஸ்பத்திரியோ நான் எப்போதெல்லாம் பேசாமல் இருந்தேனோ அப்போதெல்லாம் நல்ல பேர் வாங்கியது.