வாசலில் இல்லாத செருப்பு

சனிக்கிழமை மாலை நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு என் மகளுக்குப் போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. நாலு மணிக்கு அவளே கூப்பிடுவதாகப் பேச்சு. பன்னிரண்டு நிமிடம் மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு வீசிங் உண்டு. அவளுடைய இன்ஹேலர் என் ஸ்கூட்டர் பெட்டியில் இருந்தது. எங்காவது தொலைத்துவிடுவாள் என்று மதியம் நான்தான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவள் போயிருந்தது டிராமா கொட்டாய்க்கு. கல்லூரியில் வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஊரிலுள்ள ஒரு கட்டடத்தைப் பற்றி எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். வேலூரில் இருந்துகொண்டு எல்லோரும் கோட்டையைப் பற்றி எழுத, இவள் இதை எடுத்துக்கொண்டாள். ஷேர் ஆட்டோக்காரர்கள் இன்றைக்கும் அந்த நிறுத்தத்தை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அங்கே நாடகம் பார்த்த யாரையும் எனக்குத் தெரியாது. பாதிக்கு மேல் பாட்டாகவே இருக்கும் நாடகங்கள் நடந்த இடம் பிறகு டாக்கீஸ் ஆனது. டாக்கீஸும் மூடி, கொஞ்ச காலம் கல்யாணங்களுக்கு விட்டுப் பார்த்தார்கள். இப்போது ஷூ கம்பெனிகளிலிருந்து வரும் தோல் ஸ்கிராப்பைத் தரம் பிரிக்கிற கொடோன். இருபது பெண்கள் வேலை செய்கிறார்கள்.

ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சு. மைக் இல்லாத நாளில் கடைசி வரிசையில் மணலில் உட்கார்ந்திருந்தவனுக்குப் பாட்டு எப்படிக் கேட்டது? அதுதான் அவள் கேள்வி.

“மேடைக்குக் கீழ பானை பொதச்சிருக்காங்களாம்மா.”

“பானையா? இன்னாத்துக்கு, தண்ணி குடிக்கவா?”

“கிண்டல் பண்ணாத. பலகைக்குக் கீழ வாயத் தெறந்து வெச்சிருப்பாங்களாம். சத்தம் அதுல போய்ப் பெருசாகுமாம்.”

நான் நம்பவில்லை. ஆனாலும் அடுத்த வாரம் அவளோடு நானும் போய்ப் பார்த்தேன். பானைகள் தெரியவில்லை, மேடை மேல் ஆளுயரத்துக்கு மூட்டைகள். என் கண்ணில் பட்டது வேறு. வாசலில் இருபது ஜோடி செருப்பு வரிசையாக இருந்தது. உள்ளே பெண்கள் வெறுங்காலோடு நடந்தார்கள். தோல் துண்டுகளோடு பின் ஊசியும் சின்ன ஆணியும் வந்து விழுகிற தரை அது. நான் வேலை செய்வதும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீஸில்தான். எந்தச் செக்‌ஷனிலும் வெறுங்காலோடு விடமாட்டார்கள். ஏன் இப்படி என்று ஒருத்தியிடம் கேட்டதற்கு, “பழக்கம்க்கா” என்று சிரித்தாள்.

சூப்பர்வைசர் அம்மாள் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அவர் காரியமாகச் சொன்னார்: “சாயங்காலம் பூட்டறப்ப வாசலப் பாப்பேன். செருப்பு இல்லன்னா உள்ள ஆளு இல்ல. யாரையும் எண்ண வேணாம்.” என் மகள் செருப்பைக் கழற்றக் குனிந்ததும் தடுத்தார். “நீ போட்டுக்கினே வா பாப்பா. பின்னு குத்திக்கும், உனக்குப் பழக்கமில்ல.”

அன்றைக்கு அது அன்பாகத்தான் பட்டது.

இந்தச் சனிக்கிழமை நான் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது நாலரை. பெரிய கதவில் பூட்டு. தெருவில் யாரும் இல்லை. எதிரே டீக்கடை மட்டும் திறந்திருந்தது. கடைக்காரருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும்.

“கொடோன் பொண்ணுங்களா? சனிக்கிழம நாலு மணிக்கே வேன் கெளம்பிடும்க்கா. கணியம்பாடி போவுது.”

“என் பொண்ணு வந்திருந்தா. பச்சை சுடிதார்.”

“போறப்ப பாத்தேன். வர்றப்ப பாக்கல.” கொஞ்சம் யோசித்தார். “பேஜார் பண்ணிக்காத. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிருக்கும்.”

மறுநாள் ஞாயிறு. இந்தக் கதவு இனி திங்கட்கிழமைதான் திறக்கும். அந்தக் கணக்கு மனதில் ஓடியதும் என் கால் நிற்கவில்லை. கதவைத் தட்டினேன், பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. பக்கச் சந்துக்குள் ஓடினேன். சுவரில் உயரமாக நாலைந்து காற்று ஜன்னல்கள், எல்லாவற்றிலும் வௌவாலுக்குப் பயந்து இரும்பு வலை. திரும்பி வந்து, சந்தின் தெருப்பக்க முனையில், பழைய டிக்கெட் ஜன்னலுக்கு மேலே இருந்த துவாரத்துக்கு அடியில் மூச்சு வாங்க நின்றேன்.

“அம்மா. இங்கதான் இருக்கேன்.”

என் காதுக்குப் பக்கத்தில் பேசுவது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். சுவர்தான்.

“எங்கடி இருக்கே?”

“மேடை மேல.”

மேடை அந்தக் கோடியில் இருக்கிறது, எண்பது தப்படியாவது இருக்கும். அவள் கத்தவில்லை. கத்த முடிகிற நிலையிலும் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் இழுக்கிற அந்த மெல்லிய விசில் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. இருபது வருடமாக நான் தூக்கத்திலும் காது கொடுத்துக் கேட்ட சத்தம் அது.

மேடைக்குக் கீழே தவழ்ந்து போய்ப் பானைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாளாம். கதவு சாத்தியது கேட்கவில்லை. மேலே வந்து கதவைத் தட்டிக் கத்திப் பார்த்தாள். போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது. தோலில் ஒட்டியிருந்த சொல்யூஷன் பசை வாடையில் மூச்சு முட்ட ஆரம்பித்ததும் கத்துவதை நிறுத்தி மேடைக்கே திரும்பினாள். “இங்கேர்ந்து மெதுவா பேசினாலே போதும்னு தோணிச்சு” என்றாள். அதற்கு மேல் பேச வேண்டாம் என்றேன்.

டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கி வந்தார். அதன் மேல் ஏறி வலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. இன்ஹேலரை என் கையிலிருந்து வாங்கி வலைக்கண்ணில் வைத்துப் பார்த்தார். விரல்தான் நுழைந்தது. வேன் டிரைவர் நம்பர் அவரிடம் இருந்தது. மூன்றாவது தடவை டிரைவர் எடுத்தான்.

“டேய், வண்டிய ஓரங்கட்டு. சாவி வெச்சிருக்கிற அம்மாவ எறக்கி வுடு. உள்ள ஒரு பொண்ணு மாட்டிக்கிச்சு. ஆமா, நெஜமா. வெளாட்றதுக்கா போன் பண்ணுவேன்?”

சாவி சூப்பர்வைசர் அம்மாளின் சாப்பாட்டுப் பையில் கணியம்பாடிக்கே போய்ச் சேர்ந்திருந்தது. திரும்பி வர அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் பூட்டை உடைத்துவிடலாம் என்று கடைக்காரர் கடப்பாரை தேடப் போனார்.

“பேசாத” என்று சுவரைப் பார்த்து மகளிடம் சொன்னேன். “நல்லா இருந்தா செருப்பால பலகையில ஒரு தட்டு தட்டு. முடியலன்னா ரெண்டு.”

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு தட்டு. ரப்பர் செருப்பு பலகையில் பட்ட சத்தம் அல்ல அது. பெரிய மேளத்தை உள்ளங்கையால் அடித்தது போல அடிவயிற்றில் அதிர்ந்தது. பானை இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. அந்த நேரத்திலும் ஒரு யோசனை ஓடியது: உள்ளே பாடியதெல்லாம் இப்படிச் சந்து வரை வந்திருந்தால், காசில்லாதவர்கள் இங்கேயே நின்று முழு நாடகத்தையும் கேட்டிருப்பார்கள்.

பயத்தில் இப்படியெல்லாம் யோசனை வருமா என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான்.

நான் பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. மூக்கால் இழு, தோளைத் தளர்த்து, சாய்ந்து உட்காரு. ஐந்து நிமிடத்துக்கொரு தட்டு வந்தது. ஒரு முறை தட்டு வந்து, அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது. நான் கதவுக்கு ஓடினேன். கடைக்காரர் கடப்பாரையால் நாதாங்கியை நெம்பிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து நாதாங்கி, வளையவே இல்லை.

அப்போதுதான் பைக் வந்தது. யாரோ ஒரு பையன் ஓட்ட, பின்னால் சூப்பர்வைசர் அம்மாள், மடியில் சாப்பாட்டுப் பை. இறங்கிய வேகத்தில் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். நான் மூட்டைகளுக்கு நடுவில் ஓடினேன். அவள் மேடை விளிம்பில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. இரண்டு பஃப், கொஞ்சம் விட்டு இன்னும் இரண்டு. இழுப்பு மெல்ல இறங்கியது.

“ஏழு பானைம்மா” என்றாள் முதல் வேலையாக. “ஒண்ணு மட்டும் ஒடஞ்சிருக்கு.”

சூப்பர்வைசர் அம்மாள் மேடைப் படிக்குக் கீழே நின்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். முதல் படியோரம் என் மகளின் செருப்பு ஒன்று கிடந்தது. மற்றது அவள் கையில். மேடை ஏறும் முன் செருப்பைக் கழற்றி, பலகையைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று டான்ஸ் கிளாஸுக்கு அனுப்பிய வயதில் நான் சொல்லிக் கொடுத்தது. வீசிங்கில் டான்ஸ் நின்றுவிட்டது. பழக்கம் நிற்கவில்லை.

“வாசல்ல பாத்தேன்மா” என்றார் என்னிடம். “ஒரு செருப்புகூட இல்ல. அதான் பூட்டிட்டேன். இந்தப் பொண்ண நான்தான் போட்டுக்கினே வரச் சொன்னேன், அது மறந்தே போச்சு.”

“நீங்கல்லாம் ஏன்க்கா வாசல்லயே கழட்டறீங்க?” என் மகள் கேட்டாள். இழுப்பு இன்னும் முழுசாக அடங்கவில்லை. நோட்டு எங்கே என்று கண் தேடியது.

“டாக்கீஸ் கேட்டுக்காரரு ஒருத்தர் மொதல்ல இங்க வாட்ச்மேனா இருந்தாரு. உள்ள மேடை இருக்குது, செருப்போட வரக்கூடாதுன்னு ஒரே சண்ட. அவரு போயிட்டாரு. நாங்க அப்படியே வுட்டுட்டோம்.” அந்த அம்மாள் குனிந்து படியோரச் செருப்பை எடுத்து அவள் காலடியில் வைத்தார். “திங்கக்கெழம வந்து மிச்சத்தையும் பாத்துக்க. செருப்ப மட்டும் எங்களாட்டம் வாசல்ல வுடு. பின்னு குத்துனா குத்தட்டும்.”