பைத்தான் இல்லாத கணினி: செல்லூரிலிருந்து கப்பலூர் வரை

இன்று, சனிக்கிழமை, கப்பலூருக்குத் தனியாகப் போய் வந்தேன். அங்கே தொழிற்பேட்டையில் ஒரு மென்பொருள் நிறுவனம் பிளஸ் டூ மாணவர்கள் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறது. பிறகு வேலையோடு கல்லூரிப் படிப்பும் உண்டு. எனக்குப் பிளஸ் டூவோடு போதும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். மேலே படிக்க வேறு வழி தெரியவில்லை. வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன்; அம்மா விழித்துக்கொண்டால் இந்தப் பதிவு பாதியில் நிற்கும், மன்னிக்கவும்.

எங்கள் செல்லூரில் காலை 8.10க்குப் பஸ் ஏறினேன். பெரியார் பேருந்து நிலையம் மூன்று கிலோமீட்டர். அங்கிருந்து 8.45க்குத் திருமங்கலம் டவுன் பஸ். இரண்டிலும் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கப்பலூர் சுமார் பதினைந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிடம் ஆனது.

"கூட யாரும் வரலையா பாப்பா?" என்றார் கண்டக்டர்.

"பெரியம்மா நிறுத்தத்துல நிப்பாங்கண்ணே."

இறங்கும்போது அவர் எட்டிப் பார்த்தார். நிறுத்தத்தில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. வேகமாக நடந்தேன்.

நிறுவனம் ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே. நிழல் கிடையாது. வாசலில் மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் சாப்பாட்டுப் பையோடு நின்றார்கள்.

தேர்வு விதி இதுதான்: நிரலைப் பென் டிரைவில் கொண்டுவந்து அவர்கள் கணினியில் பில்ட் செய்து, அதாவது ஓடும் வடிவத்துக்கு மாற்றி, ஓட்டிக் காட்ட வேண்டும். இணையம் இல்லை, எதையும் புதிதாக நிறுவக்கூடாது. என்னுடையது செல்லூர் பஸ் நேரங்களைச் சொல்லும் நிரல். வீட்டில் நூறு தடவை பில்ட் ஆனது, அங்கே முதல் வரியிலேயே நின்றது. நேரப் பட்டியலை நிரலுக்கு ஏற்றபடி எழுதித் தருவது பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு குட்டி ஸ்கிரிப்ட். அதை ஓட்டும் பைத்தான் மென்பொருள் அந்தக் கணினியில் இல்லை. எங்கள் வீட்டுக் கணினி பழையதாக வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் பைத்தானைப் போட்டிருக்கிறார். எல்லாக் கணினியிலும் அது இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

மேற்பார்வை பார்த்த அக்கா குனிந்து திரையைப் படித்தார். வீட்டில் ஓடியது என்று சொன்னேன். "வீட்டுல ஓடுச்சுன்னா? அப்ப வீட்டுக் கம்ப்யூட்டரையும் தூக்கிட்டு வந்திருக்கணும்ல?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்த ஸ்கிரிப்ட் எழுதித் தர்ற ஃபைல கையால அடிச்சா ஒத்துக்குவீங்களாக்கா?"

"அம்புட்டையுமா? அடி, பாப்போம். நாலு மணி வரைக்கும் டைம்."

நூற்றுப் பன்னிரண்டு வரிகள். சாப்பிடப் போகவில்லை. 3.40க்குப் பில்ட் முடிந்து, நிரல் முதல் பஸ்ஸைச் சொன்னது. சந்தோஷத்தில் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பையன் முடித்துவிட்டு அப்பாவோடு எப்போதோ போயிருந்தான்.

அக்கா ஒரு படிவம் கொடுத்தார். "புதன்கிழமைக்குள்ள வீட்டுக்கு ஃபோன் பண்ணுவோம். செலக்ட் ஆனாலும் ஆகலைனாலும் பேசுவோம்." எங்கள் வீட்டில் அப்பாவிடம் மட்டும்தான் ஃபோன். தப்பான எண்ணை எழுத நினைத்தேன். எழுதினால் இடம் கிடைத்தும் தெரியாமல் போய்விடும். சரியான எண்ணையே எழுதினேன்.

5.50க்கு வீடு. அப்பா ஆறு மணிக்கு வந்தார்.

போகிறவர்களுக்கு: தண்ணீர், சாப்பாடு கொண்டுபோங்கள். உங்கள் நிரல் எந்தெந்தக் கருவிகளை நம்பியிருக்கிறது என்று எழுதிப் பாருங்கள், நீங்கள் போடாமல் ஏற்கெனவே இருந்தவற்றையும் சேர்த்து. வேறொரு கணினியில் ஒரு தடவையாவது பில்ட் செய்யுங்கள். முடிந்தால் யாரையாவது கூட்டிப் போங்கள்.

அந்த ஃபோன் வருவதற்குள் நானே அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும். நாளை ஞாயிறு, அப்பா வீட்டில்தான் இருப்பார். முதல் வாக்கியத்தை நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். நாலையும் அழித்துவிட்டேன்.