பழைய வரிகளை நீக்கியவர்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் டேபிள்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். காணாமல் போனவர்களைப் பதிவு செய்யும் அலுவலகம் அது. விவரங்களை டேபிள்களாக, அதாவது அட்டவணைகளாக, கணினியில் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸ் முழுக்க அவர் பொறுப்பு. பெயரைக் கேட்டுத் தச்சர் என்று ஏமாந்த ஒரு பெரியவர், ஆடிக்கொண்டிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்கே வந்துவிட்டார். இவரும் மறுபேச்சில்லாமல் ஒரு காகிதத்தை மடித்து அதன் காலுக்கடியில் ஒட்டிக் கொடுத்தார்.

நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு அவர் இங்கே வந்ததற்குக் காரணம் அவருடைய அண்ணன். காலையில் வேலைக்குக் கிளம்பிப் போனவன், போனவன்தான். அம்மா அதற்குப் பிறகு பாதி ஆளாகிவிட்டாள். தேடுகிற இடத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டால் என்ன என்று தம்பிக்குத் தோன்றியது.

அங்கே முக்கியமாக இரண்டு டேபிள்கள். ஒன்றில் காணாமல் போனவர்கள், ஆளுக்கு ஒரு வரி. மற்றதில் மருத்துவமனைகளும் காப்பகங்களும் அனுப்புகிற, பேர் ஊர் தெரியாத ஆட்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை தினமும் தானாக ஓடும். தழும்பு, உயரம், வயது என்று ஏதாவது பொருந்தினால் கவுன்டர் திரையில் தெரியும்.

வருடங்கள் போகப் போக சர்வர் இழுக்க ஆரம்பித்தது. ஒரு பெயரைத் தட்டிவிட்டு எழுந்துபோய் டீ குடித்துவிட்டே வரலாம் என்று கவுன்டரில் கிண்டல் செய்தார்கள். காரணம் டேபிள்காரருக்குத் தெரியும். யாராவது வந்து "தேட நேரமாகிறது" என்று புகார் சொல்லும்போதெல்லாம் ஒரு இன்டெக்ஸ் சேர்க்கப்பட்டிருந்தது. இன்டெக்ஸ் என்பது புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவு மாதிரி, தேடுவதற்கு வசதி. ஆனால் உள்ளே ஒரு வரியை மாற்றினால் அத்தனை சொல்லடைவுகளையும் கூடவே மாற்ற வேண்டும். போதாக்குறைக்கு, யார் வந்து விசாரித்தாலும் 'கடைசியாக விசாரித்த நாள்' என்று அந்த வரியில் அப்டேட் விழும். அந்த டேட்டாபேஸ் பழைய வரியை அழித்து எழுதாது. புதிதாக ஒன்றை எழுதிவிட்டு, பழையதை அப்படியே போட்டுவிடும். செத்த வரிகள் என்று அவற்றுக்குப் பெயர். உயிருள்ள வரிகளைவிட அவை பல மடங்கு பெருத்துக் கிடந்தன.

புதிதாக வந்திருந்த இயக்குநரம்மாவிடம் அவர் இதை விளக்கினார். வேண்டாத இன்டெக்ஸ்களை எடுத்துவிடலாம், விசாரித்த நாளைத் தனியாக ஒரு சின்ன டேபிளுக்கு மாற்றலாம், செத்த வரிகளைக் கூட்டி அள்ளி டேபிளைச் சுருக்கலாம். அதற்கு ஒரு வார இறுதி முழுக்க எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்றார். இயக்குநரம்மா கெட்டவர் இல்லை. நேற்றுக் குழந்தையைத் தொலைத்தவர்கள் வெளியே வரிசையில் நிற்கும்போது இரண்டு நாள் எப்படி மூடுவது என்று கேட்டார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார்.

"பத்து வருஷத்துக்கு மேல ஆன பதிவையெல்லாம் எடுத்துடுங்க. டேபிள் சின்னதாயிடும்ல?"

"எடுத்தாலும் சின்னதாகாது மேடம். அந்த இடம் அப்படியேதான் இருக்கும்."

"அவங்கள்ல யாரையாவது சமீபத்துல கண்டுபிடிச்சிருக்கோமா?"

அப்படி யாரையும் அவரால் காட்ட முடியவில்லை. உத்தரவு எழுத்தில் வந்தது. பத்து வருடத்துக்கு மேலான அந்தப் பதிவுகளின் வரிகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைத்துக்கொண்டு நீக்கத் தயாரானார். நீக்க வேண்டியவற்றில் அண்ணனின் வரியும் இருந்தது. விசையிலிருந்து விரலை எடுத்தார். அப்புறம் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் நீக்கினார்.

சர்வர் கொஞ்சம்கூட வேகமாகவில்லை. நீக்கிய வரிகளும் செத்த வரிகளோடு சேர்ந்து கிடந்தன. கடைசியில் வேறு வழியில்லாமல் இயக்குநரம்மா அந்த வார இறுதியைக் கொடுத்தார். இவர் ஆரம்பத்தில் கேட்டதையெல்லாம் செய்தார். திங்கட்கிழமை பெயரைத் தட்டிய கையோடு விடை வந்தது. பழைய வரிகளைத் திரும்பச் சேர்த்துவிடலாமா என்று போய்க் கேட்டார். இப்போதுதான் ஒழுங்காக ஓடுகிறது, கொஞ்ச நாள் எதிலும் கை வைக்க வேண்டாம் என்று இயக்குநரம்மா சொல்லிவிட்டார்.

மாதம் தவறாமல் கவுன்டருக்கு வரும் தையல்காரம்மா அந்தச் சமயத்தில் வந்தாள். லாரி ஓட்டப் போன அவள் புருஷன் காணாமல் போனதும் இவருடைய அண்ணன் போன அதே வருடம்தான். அதனாலேயே இருவருக்கும் நல்ல பழக்கம். அவருக்கு ஒரு சட்டைகூடத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். இந்த முறை கவுன்டரில் பெயரைத் தட்டியதும், அப்படி ஒரு பதிவே இல்லை என்று வந்தது. அவள் அவர் அறைக்கு ஓடி வந்தாள். பெயர் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கிறது, அதைத் தானே கையால் ஒப்பிட்டுப் பார்ப்பதாக அவர் வாக்குக் கொடுத்தார்.

கொஞ்ச காலம் அப்படிச் செய்யவும் செய்தார். பிறகு அம்மா படுத்த படுக்கையானாள். ஆஸ்பத்திரிக்கும் அலுவலகத்துக்குமாக அலைந்தார். அண்ணனின் வரிதான் நடப்பு டேபிளில் இருந்ததே. அதைச் சர்வர் தினமும் பார்த்துக்கொண்டது. டிஸ்க்கை எடுக்க வேண்டும் என்ற பதைப்பு அவருக்குள் மெல்ல மெல்ல ஆறிப்போனது. அம்மா இறந்தாள். காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகும் அந்த டிஸ்க் அலமாரியிலேயே கிடந்தது.

ஒரு மத்தியானம் வேறெதையோ தேடப் போனவர் கண்ணில் அது பட்டது. எடுத்துவந்து ஒப்பிட்டார். ஒரே ஒரு விடை வந்தது. தலையில் அடிபட்டுப் பேச்சிழந்த ஆள், இடது காதுக்குக் கீழே தழும்பு, வலது சுண்டுவிரலில் நுனி இல்லை. தூரத்தில் ஒரு காப்பகம் அனுப்பிய விவரம். அவர் கையால் ஒப்பிடுவதை நிறுத்திய சில வாரங்களுக்குள் வந்தது. கீழே இன்னொரு குறிப்பு இருந்தது: நிமோனியா காய்ச்சலில் இறப்பு, பெயர் தெரியாமல் அடக்கம். வந்ததற்கும் இறந்ததற்கும் நடுவே ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்திருந்தன.

பொருந்தியது தையல்காரம்மாவின் புருஷன் வரி, அண்ணனுடையது இல்லை என்று தெரிந்ததும் முதலில் அவருக்கு வந்தது நிம்மதி. அதை நினைத்து அவர் உடம்பே கூசியது.

இயக்குநரம்மா குறிப்பை இரண்டு தடவை படித்தார். பழைய வரிகளைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே அத்தனையும் உள்ளே போயின. சர்வர் ஒரு துளிகூட வேகம் குறையவில்லை.

தையல்காரம்மாவிடம் அவரே போய்ச் சொன்னார். மிஷினில் பாதி தைத்த பாவாடை இருந்தது. அவள் அழவில்லை, ஊசியைத் துணியிலிருந்து தூக்கிவிட்டு, எப்போது போகலாம் என்று மட்டும் கேட்டாள். காப்பகத்துக்கு பஸ்ஸில் சேர்ந்தே போனார்கள். பாதி வழியில் அவள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உங்க அண்ணன் பேரையும் அப்பவே எடுத்துட்டீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் தோண்டித் துருவியிருக்க மாட்டாள்.

"இல்லம்மா. அதை மட்டும் விட்டுட்டேன்."

அவள் மடியிலிருந்த பையை எடுத்து இருவருக்கும் நடுவே வைத்தாள்.

காப்பகத்தில் இருந்த நர்ஸுக்கு அந்த ஆளை நன்றாக நினைவிருந்தது. எப்போதும் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பியே உட்கார்ந்திருப்பாராம், நாற்காலியைத் திருப்பிப் போட்டால் கோபம் வருமாம். இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டாமோ என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பின்பக்கம் இடுகாடு. காவலாளி ஒரு நீளமான புல்தரையைக் கை காட்டினார். நம்பர் எழுதி நட்ட குச்சிகளையெல்லாம் மழை அடித்துக்கொண்டு போய்விட்டதாகவும், இந்தப் பகுதியில்தான் எங்கேயோ என்றும் சொன்னார். தையல்காரம்மா புல்லுக்குள் இறங்கினாள். கொஞ்ச தூரம் நடந்தாள், நின்றாள், திரும்பி வந்து வேறு பக்கம் நடந்தாள். எங்கே காலை வைப்பது என்று தெரியாமல் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். டேபிள்காரர் வேலியோரமே நின்றுவிட்டார்.

வெளியே வந்தவள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க போங்க. நான் தனியா வந்துக்கிறேன்."

அவர் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினார். மறுநாள் அவள் புருஷனின் வரியில் ஒரு அப்டேட் போட வேண்டியிருந்தது. நிலை என்ற இடத்தில் இறந்தவர்களுக்கென்று தனியாக எதுவும் இல்லை. 'கண்டுபிடிக்கப்பட்டார்' என்று மாற்றினார். மாதக் கடைசியில் போன அறிக்கை, அந்த அலுவலகம் தீர்த்துவைத்த வழக்குகளில் ஒன்றாக அதையும் சேர்த்துக்கொண்டது.